மலையூரில் குடியேறுமுன்...

காற்றாலைகள் சுழலும் நம் குண்டடத்து வெயிலுக்கு அஞ்சி, குளிர்ந்த மலையூரொன்றில் குடியேற எண்ணுகின்றீரா? நல்லது. ஆயின், வீட்டைப் பார்க்குமுன் ஊரைப் பாரும். அதுவும் கோடை விடுமுறையிலன்று, மழை மாதத்தில்!

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியே 40 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் வால்பாறை. அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் ஜூலையில் சென்று தங்கும். யானை நடமாட்டம் குறித்தும் தோட்டத் தொழிலாளரிடம் கேட்டறியும். கோத்தகிரிக்கோ வடகிழக்குப் பருவமழையே சோதனை. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறவற்க. மனை மலிவெனில், மேலே மண் வெட்டப்பட்டுள்ளதா, கீழே ஓடை அடைபட்டுள்ளதா என நோக்கும்.

நள்ளிரவில் முதியோர் நோயுற்றால் மருத்துவமனை எவ்வளவு தொலைவு? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், தொழுகைக்குப் பள்ளிவாசலும் அருகில் உள்ளனவா? குடும்பத்தாரையும் உடன் அழைத்துச் செல்லும். குண்டடத்தில் நொடியில் உலரும் துணி, அங்கே நாட்கணக்கில் ஈரமாய்த் தொங்குவதை அவர்களும் காணட்டும்.

ஒரு மழைக்காலம் முழுவதும் வாடகைக்கு இருந்து பாரும். அதன் பின்னும் அனைவர் உள்ளமும் அவ்வூரை விரும்பினால், அதுவே உமது ஊர்!