ஆடி முடித்த சரீரம்

டிசம்பர் 20, மாலை

ஏழு மணி ஆட்டத்திற்கு நான்கு மணிக்கே வந்துவிட்டோம். 2006-இல் மறைந்த நடன அமைப்பாளர் சந்திரலேகா வாழ்ந்த 'ஸ்பேசஸ்' வளாகம் பெசன்ட் நகர்க் கடலை ஒட்டியிருப்பதால், உப்புக்காற்றில் தரை பிசுபிசுக்கும். வெறுங்காலுடன் ஆடுகிறவர்களுக்கு அதுவே முதற் சத்துரு ஆகையால், ஒருவர் பெருக்க, மற்றொருவர் உலர்ந்த துணியால் துடைக்க, பின்னர் எல்லோரும் தத்தம் உள்ளங்காலைத் தரையில் தேய்த்து, எங்கே வழுக்குகிறது, எங்கே பிடிக்கிறது என்று மனத்தில் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

பரதநாட்டியக் கலைஞர்களுக்கு, முகத்தில் வர்ணம் தீட்டிச் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொள்ளும் அந்த நீண்ட பொழுதே சித்தத்தை ஒருமுகப்படுத்தும் சாதனமாக வாய்த்திருக்கிறது. ஆபரணம் எதுவும் இல்லாத எங்களைப் போன்ற நவீன நடனக்காரர்களோ அதைச் சரீரத்தைக் கொண்டே சாதித்துக்கொள்ள வேண்டும். 1985-இல் 'அங்கிகா' நடனத்தை அரங்கேற்றிய சந்திரலேகா யோகத்தையும் கேரளப் போர்க்கலையான களரிப்பயிற்றையும் நடனத்தோடு இணைத்தது, மேடைக்கு மட்டுமன்றி மேடைக்கு முந்திய இந்த நேரத்திற்கும் செய்த பேருபகாரம் என்பது என் திடமான அபிப்பிராயம். முதலில் மூச்சு, பிறகு முதுகெலும்பைக் கணுக்கணுவாகத் தாழ்த்தி நிமிர்த்துதல், உடம்பு சூடேறியபின் உதைகளும் தாவல்களும். தசையை நெடுநேரம் இழுத்து நிறுத்தினால் அதன் வலு தற்காலிகமாகக் குறையுமாதலால், அவ்வகை நீட்டல்களைப் பின்னுக்கு ஒதுக்கிவிடுகிறோம்.

அன்றிரவு

கைதட்டல் ஓய்ந்தாலும் உடம்பு ஓய்வதில்லை. வேகமாக ஆடியவர் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களிலேயே தங்கித் தலை சுற்றும் என்பதை அறியாத அன்பர்கள், வியர்வை வழியும் எங்களை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிரியத்தைக் குறை கூற மனம் வரவில்லை; ஆயினும் சென்ற மாதம் வேறோர் ஊரில், நாங்கள் மூச்சை மட்டுப்படுத்திக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துச் சாவிக்கொத்தைக் குலுக்கிய அரங்கத்தாரை நினைத்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது. தயிர் சாதம் உண்டு படுத்தும், அட்ரினலின் அடங்காமையால், கண்ணை மூடினால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

டிசம்பர் 22

தொடையில் வலி இன்றுதான் உச்சம். தேங்கிய லாக்டிக் அமிலமே இதற்குக் காரணமென்று பலரும் சொல்வார்கள். அதுவோ ஆடி முடித்த சிறிது நேரத்திலேயே வடிந்துவிடுகிறது. தசை நார்களில் நேர்ந்த நுண்ணிய சேதமே 24 முதல் 72 மணி நேரம் வரை இப்படி வலியாகப் பேசுகிறது. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, வெந்நீரில் குளித்து, மெல்ல நடந்தேன்.

தேய்க்கும்போது ஒன்று தோன்றியது. யோகாப்பியாசம் சவாசனத்தில் முடிகிறது. களரியிலோ கர்க்கடக மழைக்காலத்தில் எண்ணெயிட்டு உடம்பைப் பிடித்துவிடும் உழிச்சல் செய்வது வித்தையின் அங்கமாகவே கருதப்படுகிறது. அவ்விரண்டிலிருந்தும் பாய்ச்சலையும் பலத்தையும் ஆவலோடு ஏற்ற எங்கள் தலைமுறை, சரீரத்தைச் சாந்தப்படுத்தும் அவற்றின் பிற்பாதியை அதே சிரத்தையுடன் ஏற்கவில்லை. முப்பது வயதிலேயே முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பிற்பாதியை இனியும் அவரவர் சௌகரியத்திற்கு விட்டுவிடுவது தகாது என்றே படுகிறது. அடுத்த நிகழ்ச்சிக்கான ஒப்பந்தக் கடிதத்தில், ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் அரங்கு எங்கள் வசமே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.