முதல் ஓவரில் 25 ரன்

எங்கள் எக்கியார்குப்பம் கடற்கரை மணலில் டென்னிஸ் பந்து வீசும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்து வேலை பார்த்தவர். பிறகு கிரிக்கெட்டுக்குத் திரும்பினார். முழங்காலில் அடிபட்டதால் வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். சென்னை நான்காம் டிவிஷன் லீக்கில் 7 ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்தார். 2018 டி.என்.பி.எல். போட்டியில் மதுரை அணிக்கு ஆடினார். அந்த டிசம்பரில் ஐ.பி.எல். ஏலம். அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி கொடுத்ததோ 8.40 கோடி!

2019 மார்ச் 27, கொல்கத்தாவில் முதல் ஐ.பி.எல். ஆட்டம். எதிரே சுனில் நரைன். முதல் ஓவரிலேயே 25 ரன் போய்விட்டது.

இதை மட்டும் சொல்லிச் சிரித்தவர்கள் பலர். அடுத்த இரண்டு ஓவரில் அவர் கொடுத்தது 10 ரன்தான். ஒரு விக்கெட்டும் எடுத்தார். காயத்தால் அந்த ஆண்டு வேறு ஆட்டமே இல்லை. மறு ஆண்டு, அதே கொல்கத்தா அணிக்காக 17 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியாவுக்காக நியூசிலாந்தின் 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

பெற்றோர்களே, முதல் தேர்வை வைத்துப் பிள்ளையை எடை போடாதீர்கள். பிள்ளைகளே, அடி வாங்கினால் பந்தைக் கேட்டு வாங்கி அடுத்த ஓவரையும் வீசுங்கள்.