தோள் மாற்றுவோம்

நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக ஓர் ஆண்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, குண்டூர் நாட்டிற்கு மாணவர்களுடன் சென்றிருந்தேன். வீடுதோறும் நலம் கேட்டுக் குறிப்பெடுப்பது அவர்தம் பணி. மூன்றாம் நாளிரவு ஒரு மாணவர் உணவைத் தொடவில்லை. மலையிறங்கி மருத்துவமனை சேருமுன் மகவை இழந்த தாயொருத்தியின் கதையை அன்று அவர் கேட்டிருந்தார்.

“கண்ணை மூடினால் அந்த அம்மாவின் அழுகை கேட்கிறது, ஐயா” என்றார்.

“ஆண்பிள்ளை கலங்கலாமா?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாட்காலை அவர் முகாமை விட்டே போய்விட்டார்.

பிறர் துயரைக் கேட்போர் நெஞ்சும் புண்படும் என்பதை 1990இல் மெக்கான், பேர்ல்மன் என்னும் உளவியலறிஞர் இருவர் ஆராய்ந்தெழுதினர். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்தபோது, அவர்கள் தம் மனத்தைப் பேணுவதையும் கற்பித்தது. எனக்கோ நம் மஹல்லாவே போதிய பாடமாக இருந்திருக்க வேண்டும். சந்தூக்கை இங்கு எவரும் தனித்துச் சுமப்பதில்லை. பத்தடிக்கொரு தோள் மாறும்.

அம்மாணவரிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் முகாம்களில் இரவுதோறும் வட்டமாக அமர்ந்து, அன்று கேட்ட துயரை ஒவ்வொருவராகச் சொல்கிறோம், மற்றவர்கள் செவிமடுக்கிறோம். அந்தத் தாயின் துயரம் அதனால் குறையாது. ஆயினும், மறுநாள் அவள் வாசலுக்கு மீண்டும் செல்லக் கால்கள் எழுகின்றன.