வியன்னாவில் போட்ட துண்டு!

பஸ்ஸில் சீட் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே... அதே டெக்னிக் ஐரோப்பாவிலும் உண்டு என்றால் நம்புவீர்களா ஃப்ரெண்ட்ஸ்? வியன்னா அரசு ஓபரா அரங்கில் என் கண்ணால் பார்த்தேன்!

நான் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்காக வியன்னா போயிருந்தேன். 'இவ்ளோ தூரம் வந்துட்டு ஓபரா பார்க்காம போவியா?' என்று லேப் நண்பன் உசுப்பேற்றிவிட்டான். உட்கார்ந்து பார்க்கும் டிக்கெட் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. நின்றுகொண்டு பார்ப்பதென்றால் மலிவு. உள்ளே போனால், ஆளாளுக்கு முன்னால் இருக்கும் கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடித்துவிட்டு, ஹாயாக வெளியே கிளம்புகிறார்கள். ஒருத்தரும் அடுத்தவர் முடிச்சைத் தொடுவதில்லை. நானும் என் கர்ச்சீப்பைக் கட்டினேன்!

அன்றைக்கு 'டோஸ்கா'. புச்சினி இசையமைத்து 1900-ல் ரோமில் அரங்கேறிய ஓபரா. நான் பார்த்தது 1958-ல் மார்கரெத்தே வால்மன் இயக்கி மேடையேற்றிய அதே தயாரிப்பு. அப்போது என் அப்பாவே பிறக்கவில்லை! பாடுபவர்கள் மாறிக்கொண்டே இருக்க, அதே பாணி செட்டில் 600 தடவைக்கு மேல் போட்டாகிவிட்டது.

பக்கத்தில் நின்ற பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாராம். "கதைதான் தெரியுமே, போரடிக்கலையா?" என்றேன்.

"கதை தெரியும்கறதாலதான் வர்றேன். இன்னிக்குப் பாடற பொண்ணு அந்தக் கத்தியை எப்படி எடுக்கறானு பார்க்கணும்!"

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை நான் இன்னொருத்தரிடமும் கேட்டிருக்கிறேன். என் தாத்தாவிடம்.

திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் வருஷா வருஷம் தாத்தாதான் துச்சாதனன். "அதே துகிலுரியறதுதானே தாத்தா, யாராவது செல்போன்ல எடுத்து அனுப்பட்டும்" என்று சொல்லிவிட்டு, மூன்று வருஷமாக நான் போகவில்லை. தாத்தா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

மேடையில் இரண்டாம் அங்கம். டோஸ்காவின் காதலனைச் சித்திரவதை செய்யும் போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா, அவன் உயிருக்கு விலையாக அவளையே கேட்கிறான். மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டி, கடைசியில் நின்ற எங்கள் வரைக்கும் அவள் குரல் வந்தது. சாப்பாட்டு மேஜையிலிருந்த கத்தியை எடுத்தாள். பக்கத்தில் பாட்டி மூச்சே விடவில்லை. குத்திவிட்டாள்!

அதோடு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. செத்தவனின் தலைக்கு இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வைத்து, நெஞ்சில் ஒரு சிலுவையையும் வைத்துவிட்டுத்தான் போனாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கற்பூர வாசனை அடித்தது. பாஞ்சாலி சேலையில் கை வைக்கிறதுக்கு முன்னாடி தாத்தா ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, "தாயே, மன்னிச்சுடு" என்று கும்பிடுவார். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது. அந்தக் கும்பிடு வருஷா வருஷம் ஒரே மாதிரியாகவா இருந்திருக்கும்? எனக்கு எப்படித் தெரியும்... நான்தான் போகவே இல்லையே!

மறுநாள் காலையில் போன் போட்டேன். முட்டி வலியால் இந்த வருஷம் வேறு ஆள் வேஷம் கட்டியதாக அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அடுத்த வருஷம் கூத்துக்குக் கண்டிப்பா வர்றேன் தாத்தா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "நான் ஆடறனோ இல்லியோ... நீ சாயங்காலமே வந்து பாய் விரிச்சு இடம் புடிச்சிடு. அப்புறம் கிடைக்காது."