மருந்துக்கு வந்த ஆமை

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பார்கள். எங்கள் வீட்டுக்குள் ஆமை தானாகப் புகவில்லை. 2019-ஆம் வருஷம், சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலையில் மஞ்சள் பைக்குள் உட்கார்ந்து வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் என் மாமியாரின் தம்பி.

"அக்காவுக்குத்தான் தாயி. மூலத்துக்கு இதைவிட மருந்து கிடையாது. மிளகு போட்டு வதக்கிக் குடு. மூணே நாள்ல கேக்கும்" என்றார்.

அத்தைக்கு ஆறு மாதமாகவே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் சொல்லவும் கூச்சம். முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "பொம்பளை டாக்டரா இருந்தாத்தான் என்ன, அதையெல்லாம் காட்டுவாங்களாக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பையை அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு கை அகலத்துக்கு ஒரு பால் ஆமை. விரல் பட்டதும் தலையை இழுத்துக்கொண்டது. பின்னங்கால்களையும் உள்ளே மடக்கி, அடிவயிற்றில் இருக்கிற தோல் மடல்களால் கதவைச் சாத்துகிற மாதிரி மூடிக்கொண்டது! ஓட்டின் இடுக்கெல்லாம் காய்ந்த களிமண்.

"எங்கே மாமா பிடிச்சீங்க?"

"பிடிக்கவே இல்லை தாயி. கண்மாய்ல மெசின் வெட்டுதுல்ல, அள்ளிப் போட்ட மண்ணுல கிடந்துச்சு. இன்னும் நாலைஞ்சு இருந்துச்சு. ரெண்டு நசுங்கிப் போச்சு."

எனக்குச் சுரீரென்றது. கண்மாய் வற்றினால் இந்த ஆமை ஊரைவிட்டு ஓடிவிடுவதில்லை. சேறு ஈரமாக இருக்கும்போதே உள்ளே புதைந்துகொண்டு, தின்னாமல் குடிக்காமல் மழை வரும்வரை மாதக்கணக்கில் கிடக்கும். நாம் தூர் வாருவதோ அதே கோடையில்தான்!

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில், வைகைப் பக்கம். 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகை, இரண்டு கரையிலும் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டே போய் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிற ஆறு. 1959-ல் அணை வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. மதுரைப் பட்டணமே அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறது! ஆனால் எங்கள் பக்கத்தில், திறந்துவிட்டால் ஆறு, இல்லாவிட்டால் மணல் என்றாகிவிட்டது. அந்த மணலையும் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். கரை மண்ணில் குழி தோண்டி முட்டையிடுகிற ஜீவன் எங்கே போகும்? கண்மாய்தான் கதி.

என் அப்பத்தா காலத்திலும் தூர் வாரினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாகப் போவார்கள். வண்டல் மாட்டுவண்டியில் வயலுக்குப் போகும். மண்வெட்டியில் ஆமை தட்டுப்பட்டால் ஓரமாக எடுத்து விடுவார்கள். (சிலர் குழம்புக்கும் எடுத்துப் போனார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன்.) மெசினில் உட்கார்ந்திருப்பவருக்கு எது மண், எது ஆமை என்று எப்படித் தெரியும்?

ஆமையை அண்டாவில் விட்டு, முதுகு நனைகிற அளவு தண்ணீர் ஊற்றிவிட்டு மாமாவிடம் சொன்னேன். "மாமா, 1972-ல வந்த வனவிலங்குச் சட்டத்துல இது புலியோட ஒரே பட்டியல்ல இருக்கு. வெட்டினா மூணு வருஷத்துலேருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில்."

மாமா சிரித்தார். ஆனால் உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து வந்துவிட்டார். "அடேய், எனக்காக நீ ஜெயிலுக்குப் போக வேணாம். நான் ஆஸ்பத்திரிக்கே போய்த் தொலையுறேன்!"

ஆறு மாதமாக நான் கெஞ்சி நடக்காதது, ஓர் ஆமையால் நடந்தது.

டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். வயது அறுபதைத் தாண்டியதால் குழாய் விட்டும் சோதித்தார்கள். மூலம்தான், வேறு கெடுதல் இல்லை. ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7-தான் இருந்தது! சகோதரிகளே, ரத்தம் போனால் மூலம் என்று நாமாகவே முடிவு கட்டக்கூடாது. புற்றுநோயிலும் அப்படிப் போகும். ஆமைக்கறி மூலத்தைக் குணமாக்காது. ஆமை உடம்பில் இருக்கிற கிருமியால் வயிற்றுப்போக்கும் ஜுரமும் வந்து சேரலாம்.

"நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நாலு டம்ளர். குழாய்த் தண்ணி அஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் வரும். பேரப்பிள்ளைக இருக்குதுல்ல?" என்றார் அத்தை, பெருமை போல.

எனக்குத் தலை குனிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லையே! தண்ணீர் குறைந்து, மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கித்தான் இவ்வளவும். இரும்புச்சத்து மாத்திரை, கீரை, வாழைத்தண்டு, நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே ஆமையைக் கோயில் ஊருணியில் விட்டோம். மறுநாள் எங்கள் மகளிர் குழுவில் ஏழு பேர் சேர்ந்து, வேலை நடத்துகிறவரிடம் போனோம். மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தை இப்போது தொடாதீர்கள், மழைக்குப் பிறகு தண்ணீர் வற்றிவரும்போது ஆள் வைத்து எடுக்கலாம் என்று கேட்டோம்.

"ஆமைக்காகவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சரியென்று எங்களுக்காகப் பேசியவர், ஒரு காலத்தில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய பெரியவர். "அந்தப் பள்ளம் எந்தக் காலத்துலயும் மாடு குடிக்க விட்டு வச்சதுதானப்பா" என்றார். மாடு என்றதும் மறுபேச்சில்லை! ஆனால் அதற்குள் பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. கிழக்கு மூலை மட்டும்தான் தப்பியது. வெட்டிப் போட்ட மண்ணில் தேடி நாங்கள் எடுத்தவை மூன்று. உயிரோடு இருந்தது ஒன்று.

கார்த்திகை மழையில் வரத்துக்கால் ஓடியது. அத்தை என் கையைப் பிடிக்காமலே கரை ஏறி வந்தார். கிழக்கு மூலையில் கட்டைவிரல் போல ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு முங்கியது.

"அக்கா, உன் மருந்து நீந்துது பாரு" என்றார் மாமா.

"வாயை மூடுடா" என்ற அத்தை, கூடையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார்.