களைப்பு ஒரு குறையன்று



ஓட்டப் பந்தயங்களுள் 800 மீட்டர் ஓட்டம் தனித்தன்மை வாய்ந்தது. 400 மீட்டர் சுற்றளவுள்ள தடத்தை இருமுறை வலம் வருதல் வேண்டும். 100 மீட்டர் ஓடுபவர் தம் வலிமை அனைத்தையும் ஒரே மூச்சில் செலவிட்டு விடலாம். 10,000 மீட்டர் ஓடுபவர் அதனைச் சிறுகச் சிறுகப் பங்கிட்டுக் கொள்ளலாம். இடைப்பட்ட இவ்வோட்டத்திற்கோ விரைவும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டாம் சுற்றில் பாதியைக் கடந்ததும் கால்கள் இரும்பெனக் கனக்கின்றன. மூச்சு போதாமற் போகிறது. எல்லைக் கோட்டைக் கடந்தவர், ஆணாயினும் பெண்ணாயினும், தரையிலே சாய்வது இயல்பு. இயல்பான இக்களைப்பைக் குறையெனக் கருதியதால் நேர்ந்த அநீதி ஒன்றையும், அதற்குப் பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மறுமொழியையும் பற்றியே இத்திங்கள் உங்களோடு சிந்திக்க விழைகிறோம்.

ஒலிம்பிக் விழாவில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முதலாக நடைபெற்ற இடம் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம், ஆண்டு 1928. இறுதிப் போட்டியில் ஒன்பது பெண்கள் ஓடினர். ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடிகளில் வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுயே இரண்டாம் இடமும், சுவீடனின் இங்கா கெண்ட்செல் மூன்றாம் இடமும் பெற்றனர். இம்மூவருமே அதுவரை இருந்த உலகச் சாதனையை விஞ்சினர். போற்ற வேண்டிய நாள் அது! ஆயினும், ஓடி முடித்த பெண்கள் சிலர் களைத்துச் சாய்ந்ததையே நாளேடுகள் பெரிதுபடுத்தின. ஓட்டத்தை முடிக்கவே இயலாமற் பலர் விழுந்ததாகவும் எழுதப்பட்டது. உண்மையில் ஒன்பது பேரும் எல்லைக் கோட்டைக் கடந்திருந்தனர். எனினும், பெண்ணுடல் இதைத் தாங்காது என்ற தீர்ப்பே நிலைத்தது. 1960-இல் ரோமாபுரியில் நடைபெற்ற விழா வரையில், 32 ஆண்டுகள், 200 மீட்டருக்கு மேல் ஓட ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

மூடப்பட்ட அக்கதவின்முன் வந்து நின்றவர்களுள் ஒருத்தி அதே ஹாலந்து நாட்டுச் சிறுமி. 1935-இல், தம் 17-ஆம் வயதில், 800 மீட்டரில் நாட்டின் சாதனையைப் படைத்த அவர் பெயர் ஃபானி கூன். அவ்வோட்டம் ஒலிம்பிக்கில் இல்லை. எனவே குறுகிய ஓட்டங்களின் பக்கம் திரும்பினார். 1948-இல் லண்டன் மாநகரில், இரு குழந்தைகளின் தாயாக, 30-ஆம் வயதில், நான்கு தங்கப் பதக்கங்களை அவர் வென்றதை உலகம் அறியும். தாய்மார் வீட்டிலன்றோ இருக்க வேண்டும் என்று அவரைக் குறை கூறியோரும் இருந்தனர். இரண்டு சுற்று ஓட்டத்தில் அவர் எத்துணை உயர்ந்திருப்பார் என்பதை மட்டும் எவரும் காணக் கொடுத்து வைக்கவில்லை.

கதவு மீண்டும் திறந்தபின், 1968-இல் மெக்சிகோ நகரில், மரியா கோமர்ஸ் என்ற ஹாலந்துப் பெண்மணி இவ்வோட்டத்தில் வெண்கலம் பெற்றார். தங்கத்திற்கு மேலும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லென் வான் லாங்கென் 1966-இல் ஹாலந்தின் கிழக்கெல்லையில் உள்ள ஓல்டன்சால் என்னும் ஊரில் பிறந்தார். புனித பிளெக்கெல்முஸ் பெயரால் விளங்கும் பழம்பெரும் பசிலிக்கா அமைந்த ஊர் அது. இளமையில் அவர் ஆடியது காற்பந்து. ஓட்டப் பயிற்சியை முறையாக மேற்கொண்டபோது அவருக்கு ஏறக்குறைய 20 வயது. பிறர் பதக்கங்களைக் குவித்துவிடும் பருவம் அது. எனினும், 1990-இல் ஐரோப்பியப் போட்டியில் நான்காம் இடத்திற்கு உயர்ந்தார். காயங்களோ அவரை விட்டபாடில்லை.

1992, ஆகஸ்டு 3. பார்சிலோனா நகரம். அந்நாளில் நாம் குருமடத்து மாணவராய் இருந்தோம். இரவு மணியடித்தால் விளக்கணைக்கும் இல்லத்தில் பந்தயம் பார்ப்பதேது? பின்னர் செய்தித்தாளில் சில வரிகள் படித்ததோடு சரி. பல ஆண்டுகள் கழித்தே அவ்வோட்டத்தின் படத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. முந்தைய ஆண்டில் உலகப் பட்டம் வென்றிருந்த லிலியா நுருத்தினோவா முன்னணியில் விரைகிறார். கியூபாவின் புகழ்பெற்ற அனா குயிரோவும் ஓடுகிறார். இறுதி நேர்த்தடத்தில், உள்விளிம்பை ஒட்டிக் கிடைத்த சிறு இடைவெளி வழியே, எல்லென் முன்னேறிப் பாய்கிறார். 1 நிமிடம் 55.54 வினாடிகள்! பெண்கள் தாங்கார் என்று சொல்லப்பட்ட அதே ஓட்டத்தை, அவர்கள் முதன்முதல் ஓடிய நாட்டின் மகள் ஒருத்தி, லீனா ராட்கேயைவிட 21 வினாடிகளுக்கு மேல் விரைவாக ஓடி முடித்தார்.

அதன்பின்? அத்தகைய பெருவெற்றி மீண்டும் வாய்க்கவில்லை. காயங்கள் தொடர்ந்தன. 1995-இல் கோதன்பர்க் உலகப் போட்டியில் ஆறாம் இடம். 1998-இல் ஓட்டத்திலிருந்து விடைபெற்றார். பார்சிலோனாவில் ஓடிய நேரத்தை அவரே மீண்டும் எட்டவில்லை. பின்னாளில், தம் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள ஹெங்கெலோ நகரில் நடைபெறும் தடகள விழாவை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அவ்விழாவுக்கு யார் பெயர் சூட்டப்பட்டுள்ளது என்கிறீர்கள்? ஃபானி பிளாங்கர்ஸ்-கூன். வழி மறுக்கப்பட்டவரின் பெயரால் நடக்கும் விழாவை, அவ்வழியே சென்று வென்றவர் முன்னின்று நடத்தியது எத்துணைப் பொருத்தம்!

ஒரேயொரு பெருவெற்றிதானா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு நிமிடத்திற்கும் குறைவான அவ்வெற்றிக்குப் பின்னால் எத்தனை குளிர்காலப் பயிற்சிகள், எத்தனை மருத்துவர் வாயில்கள், எத்தனை மறுதொடக்கங்கள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போமாக. களைப்படைந்தவர் தோற்றவர் அல்லர். தம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தவர் என்பதே அக்களைப்பின் பொருள். 1928-இன் நடுவர்கள் விழுந்ததைக் கண்டனர், ஓடியதைக் காணவில்லை.

நம் இல்லங்களிலும் இத்தகைய தீர்ப்புகள் எளிதில் வழங்கப்படுகின்றன. படிப்பிலோ பணியிலோ மகள் ஒருநாள் சோர்ந்து அமர்ந்தால், ‘உன்னால் ஆகாது அம்மா, விட்டுவிடு’ என்கிறோம். அன்பினால் சொல்லப்படும் சொல்தான் அது. ஆயினும் அச்சொல் ஒரு கதவை மூடிவிடக்கூடும். அது மீண்டும் திறக்க 32 ஆண்டுகளும் ஆகலாம். அவளுக்கு முதலில் ஒரு குவளை நீர் கொடுப்போம். சற்றே இளைப்பாறட்டும். அடுத்த சுற்றை ஓடுவதா, வேண்டாவா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.