கல்லீரல் காட்டாத கணக்கு

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது, அதற்கு மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதுமை வரை வாழலாம். ஆனால் ஆபத்து வேறு வழியில் வருகிறது... கல்லீரல்!

அது நம்ம அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி மாதிரி. மூணு ஷிஃப்ட் ஓடும், முனகாது. கொக்கெய்னை உடைக்கும்போது உண்டாகும் சில பொருள்கள் கல்லீரல் செல்களையே கெடுக்கும். கூட மதுவும் சேர்ந்தால் 'கோகாஎத்திலீன்' என்ற இன்னொரு நச்சு. எச்.ஐ.வி. ஏற்கெனவே அழற்சியைக் கூட்டி வைத்திருக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி-யும் வரலாம். போதையில் மாத்திரையும் தவறும். கடைசியில் தழும்பு விழுந்து சிரோசிஸ்.

"கொக்கெய்ன் பணக்காரச் சரக்கு, ஆவடி, பூந்தமல்லியில் ஏது?" என்று கேட்கலாம். நியாயம்தான். இங்கே பெரும்பாலும் அந்த இடத்தில் குவார்ட்டர் பாட்டில் இருக்கும். கல்லீரலுக்கு விலைப்பட்டியல் தெரியாதே!

எச்.ஐ.வி. என்று சொல்லவே கூசுகிறவர், போதையை டாக்டரிடம் எப்படிச் சொல்வார்? திட்டுவார்களோ என்று மறைப்பார். காட்டாத செலவை எந்த ஆடிட்டர் பிடிப்பார்?

சொன்னால் வழி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097 இருக்கிறது.

நண்பர்களே, யாராவது தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால் உடனே அட்வைஸ் வேண்டாம். முதலில் முழுசாகக் கேளுங்கள்.